தேவிகா மிஸ்ஸின் நோட்டு

1997 ஜூனில் மதுரை கே.கே. நகரில் இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தேவிகா வேலைக்குச் சேர்ந்தபோது, அவளுக்கு என்ன வேலை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரையாண்டுத் தேர்வுக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிப்போய், நான்காம் நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அகப்பட்டான். பெற்றோர் கூட்டத்தில் ஒரே சத்தம். தாளாளர் ‘கவுன்சிலர் தேவை’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார். நேர்காணலுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மாநகராட்சி கவுன்சிலருக்கு உதவியாளர் வேலை என்று நினைத்து வந்தவர். எம்.ஏ. உளவியல் படித்திருந்த தேவிகாவுக்கு வேலை கிடைத்தது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. காமராஜர் சாலைப் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் பார்த்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். “மருமக என்ன வேலை பாக்குறா?” என்று யாராவது கேட்டால், மாமியார் சுந்தரவல்லி “டீச்சர்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். காற்றுப் போன பந்துகளும் உடைந்த கேரம் போர்டும் ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. வகுப்பில் அடங்காத பிள்ளைகளை ஆசிரியர்கள், “தேவிகா மிஸ்கிட்ட அனுப்பிருவேன்” என்று மிரட்டினார்கள். பிள்ளைகள் அவளுக்கு ‘மெண்டல் மிஸ்’ என்று பேர் வைத்தார்கள். நான்கு மாதங்கள் ஆகியும் தானாக ஒரு பிள்ளைகூட அந்த வாசலை மிதிக்கவில்லை.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். தாமதமாக வருகிற பிள்ளைகளை உடற்கல்வி ஆசிரியர் வெயிலில் நிறுத்தி, சீட்டு எழுதிக் கொடுத்து வகுப்புக்கு அனுப்புவது வழக்கம். அந்தச் சீட்டு எழுதும் வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டாள். அவரும் தொல்லை விட்டது என்று கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காலையில் பிந்தி வருகிற எந்தப் பிள்ளையும் அவள் அறைக்குள் வந்துதான் போகவேண்டும். முதல் நாள் பேரையும் வகுப்பையும் மட்டும் எழுதிக்கொள்வாள். மூன்றாம் முறை அதே பிள்ளை வந்தால்தான், “உக்காரு, தண்ணி குடிக்கிறியா?” என்பாள். குடித்து முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் ஏதாவது சொல்லிவிடுவார்கள்.

அப்படிக் கேட்டதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தாள். எழுதியது தமிழ் எழுத்தில், ஆனால் சௌராஷ்டிர மொழியில். வீட்டில் பேசும் மொழி. அப்போதைய பள்ளி முதல்வர் ராமமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒருநாள் நோட்டை எடுத்து மூன்று வரியை உரக்கப் படித்துப் பார்த்தார். “என்ன பாஷைம்மா இது, வாய்க்குள்ள நுழையல” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். அலமாரிக்குப் பூட்டு வாங்கவேண்டும் என்று நினைத்திருந்த தேவிகா, அதற்குப் பிறகு அதை மறந்தே போனாள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ராமமூர்த்தி அவளிடம் ஒரு மாணவனைப் பற்றிக் கடிதம் கேட்டார். சோழவந்தானிலிருந்து ரயிலில் வந்து படித்த அழகுமலை, ஒன்பதாம் வகுப்பு. பரீட்சைத் தாளைக் கையில் வாங்கியதும் அவனுக்கு வியர்த்துக் கொட்டி வாந்தி வந்துவிடும். தேவிகா ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினாள்: அவனுக்குக் கடுமையான பதற்றம் இருக்கிறது, பாடச் சுமை குறைந்தால் நல்லது. பள்ளி அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவனுக்கு டி.சி. கொடுத்துவிட்டது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டவேண்டும் என்கிற கணக்கு.

டி.சி. வாங்க அவனுடைய அப்பா விருமாண்டி வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். முதல்வர் அறையிலிருந்து நேராகத் தேவிகாவிடம் வந்து வாசலிலேயே நின்றார்.

“எம் மகனுக்கு மூளை சரியில்லைன்னு எழுதிட்டீகளாம்மா?”

“அப்படி எழுதலைங்க.”

“நீங்க எழுதின தாளைக் காட்டித்தான வெளிய அனுப்புறாக. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு இங்கிலீசு தெரியாது. அனுப்புனது தெரியும்.”

அவர் சத்தம் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அழகுமலை பிறகு எங்கே படித்தான், படித்தானா என்பதே தேவிகாவுக்குத் தெரியவில்லை. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

2003 ஜூலையில் பத்தாம் வகுப்பு முனீஸ்வரி ஐந்தாவது முறையாகத் தாமதச் சீட்டுக்கு வந்து நின்றாள். கீழக்குயில்குடிப் பெண். அப்பா நல்லகாமனுக்கு வயலும் இரண்டு பசுக்களும் உண்டு. அந்த வீட்டிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான்.

“பஸ் லேட்டா?”

“இல்ல மிஸ். எட்டரைக்கே வந்துட்டேன்.”

“பிறகு?”

தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை. மறுநாளும் பிந்தி வந்தாள். அதற்கு அடுத்த நாள் கதவைச் சாத்திவிட்டு, இரட்டைச் சடையில் இடது பக்கத்து ரிப்பனை அவிழ்த்து முடியை விலக்கிக் காட்டினாள். காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாக இருந்தது. தினமும் பள்ளிக் கழிவறைக் கண்ணாடி முன் நின்று அதை மறைத்துச் சடையை மறுபடி பின்னுவதில்தான் நேரம் போயிருக்கிறது.

“எனக்கே தெரியாம கை போயிருது மிஸ். கணக்குப் போடும்போது போகும். டிவி பாத்தாலும் போகும். பிடுங்கினதுக்கு அப்புறந்தான் தெரியும்.”

தேவிகா இப்படி ஒன்று உண்டு என்று பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் படித்திருந்தாள், அவ்வளவுதான். தன் பழைய பேராசிரியையிடம் கேட்டாள். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரையும் போய்ப் பார்த்தாள். அவர் சொன்னபடி முதலில் முனீஸ்வரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “நிறுத்த வேண்டாம். கை தலைக்குப் போகிறது தெரியும்போதெல்லாம் ஒரு தாள்ல ஒரு கோடு போடு. போதும்.” முதல் வாரம் நாளுக்கு அறுபது, எழுபது கோடுகள் வந்தன. ஆகஸ்ட் கடைசியில் முப்பதுக்குள் வந்துவிட்டது.

இதற்கிடையில் வீட்டில் அம்மா இருளாயி, மகளுக்கு முடி கொட்டும் நோய் என்று நினைத்து, கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் மொட்டையோடு பள்ளிக்கு வருவதா என்று பெண் அரண்டுபோயிருந்தாள். முனீஸ்வரியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவிகா ஊருக்குப் போனாள். சமணர் மலைக்குக் கீழே பஸ் இறங்கி விசாரித்தால், “பால்கார நல்லகாமன் வீடா?” என்று வழி காட்டினார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் இருளாயிக்குக் கோபம் வந்துவிட்டது. “புள்ள தானே பிடுங்குதா? எம்புட்டு எண்ணெ தேச்சு வளத்த முடி! எதுக்குப் பிடுங்குறா? நான் அடிச்சேனா, வஞ்சேனா?”

“யார் மேலயும் தப்பு இல்லம்மா. மனசுக்குள்ள இருக்கிற பதட்டம் கை வழியா வெளிய வருது.”

“யார் மேலயும் தப்பு இல்லேன்னா, அப்ப நான் யாரைப் போய்க் கேக்குறது?”

கடைசியில் நல்லகாமன், “மொட்டை வேணாம் விடு. டீச்சரம்மா சொல்றபடி டாக்டர்ட்ட போவோம்” என்றார். பிறகு தேவிகாவைப் பார்த்து, “ஆனா இது வெளிய தெரியக் கூடாதும்மா. நாளைக்கு நல்லது கெட்டதுன்னு இருக்கு.”

“என்னைத் தாண்டிப் போகாதுங்க” என்றாள் தேவிகா.

அந்த ஆண்டு ஜூனில் புது முதல்வராக கிரிதரன் வந்திருந்தார். சௌராஷ்டிரர். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவர் தன்னிடம் வீட்டு மொழியில் பேசியது தேவிகாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நோட்டைப் பற்றி ஒருமுறை நினைவு வந்தது. பூட்டு வாங்கவேண்டும் என்று மறுபடியும் நினைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் லீவு போட்டாள். அந்த மூன்று நாளில், பத்தாம் வகுப்பு மாணவிகளின் அம்மாக்கள் நாலைந்து பேர் கிரிதரனைப் பார்க்க வந்திருக்கிறார்கள். முனீஸ்வரியின் தலையில் முடி கொட்டியிருக்கிறது, ஏதோ தொற்று வியாதி, எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கிரிதரன் விவரம் தேடித் தேவிகாவின் அறைக்குப் போனார். நோட்டு மேசை மேலேயே இருந்தது.

லீவு முடிந்து வந்தவளை அவர் அழைத்து உட்காரச் சொன்னார். அவர்களுடைய மொழியிலேயே பேசினார்.

“படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. தொத்து வியாதி இல்ல, அந்தப் பொண்ணு தானேதான் பிடுங்கிக்கிறான்னு கிளாஸ் டீச்சர்ட்ட சொல்லி, அந்த அம்மாக்களுக்கும் விளக்கச் சொல்லிட்டேன். பிரச்சினை முடிஞ்சுது.”

அவர் உண்மையிலேயே உதவி செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்று முனீஸ்வரி பள்ளிக்கு வந்திருக்கவில்லை. முந்தின நாள் மதியமே வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

“சார், அந்த நோட்டை நீங்க படிச்சிருக்கக் கூடாது.”

“பள்ளிக்கூடத்து மேசையில இருந்தது. பூட்டியா வச்சிருந்தீங்க?”

கிரிதரன் தொடர்ந்தார். பெண் வீட்டிலிருந்தே படிக்கட்டும், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மனநிலை காரணமாக அப்படிப் பரிந்துரைப்பதாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். தேவிகா இந்த முறை தமிழில் பேசினாள்.

“எழுத மாட்டேன் சார்.”

“தாளாளர் கேட்டா நான் என்ன சொல்ல?”

“எழுத மாட்டேன்னு சொன்னான்னு சொல்லுங்க.”

“வேலைக்குப் பயமில்லையா?”

“இருக்கு சார்” என்றாள். பொய்யில்லை. கணவர் வெங்கடேஷ்பாபு வேலை பார்த்த மில் அந்த வருடம்தான் மூடியிருந்தது.

அன்று மாலையே கீழக்குயில்குடிக்குப் போனாள். முனீஸ்வரி மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றாள். தேவிகா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: நோட்டு, பூட்டாத மேசை, முதல்வர் படித்தது, எல்லாம்.

“நீங்க யார்ட்டயும் சொல்லலன்னு எனக்குத் தெரியும் மிஸ்” என்றாள் முனீஸ்வரி. “ஆனா நீங்கதான எழுதினீங்க.”

இருளாயி வெளியே வந்து, “போய்ட்டு வாங்க டீச்சரம்மா” என்றாள். அதில் மரியாதை குறையவில்லை. ஆனால் உட்காரவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தேவிகா யோசித்துப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகள் ஒரு மொழியைப் பூட்டாக நினைத்து மேசை மேல் வைத்திருந்தாள். அந்த மொழியை மதுரையில் பேசுகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கிரிதரன் மேல் இருந்த கோபத்தில் பாதி தன் மேல் திரும்புவதை அவளால் தடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், பள்ளியிலிருந்து பையில் எடுத்து வந்திருந்த ஆறு வருட நோட்டுகளைத் தாள் தாளாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப் போட்டாள். மாமியார் ஒற்றைக் கண்ணில் கட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

முனீஸ்வரி பதினெட்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. இடையில் தேவிகா இன்னொரு முறை போனபோது நல்லகாமன் மட்டும் இருந்தார். “பேரு போட்டா எழுதணும்?” என்று கேட்டார். இனிமேல் எழுத மாட்டேன் என்றாள். கோடு போடுகிற தாளை மகள் இன்னும் வைத்திருக்கிறாளா என்று கேட்டாள். “அதெல்லாம் தெரியாதும்மா. டாக்டர்ட்ட மட்டும் கூட்டிட்டுப் போறேன்” என்றார். அது போதும் என்று தோன்றியது.

பத்தொன்பதாம் நாள் முனீஸ்வரி தானாகவே வந்தாள், தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு. யூனிஃபார்மில் அது இல்லை என்று வகுப்பாசிரியை வெளியே நிறுத்திவிட்டார். தேவிகா ஒரு வெள்ளைத் தாளில் ‘தலையில் துணி அணிய அனுமதி’ என்று மட்டும் எழுதி, காரணம் எதுவும் போடாமல் கிரிதரன் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். காரணம் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் தானே எடுத்துக் குத்திக் கொடுத்தார். கடிதம் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. தாளாளரிடம் என்ன சொன்னார் என்பதும் தெரியவில்லை. தேவிகாவின் வேலை இருந்தது.

வகுப்பில் இரண்டு வாரம் கிசுகிசுப்பு இருந்தது. பிறகு அரையாண்டுத் தேர்வு வந்து எல்லோருக்கும் தத்தம் கவலை வந்துவிட்டது. ஹால் டிக்கெட் போட்டோவுக்குத் துணி கட்டக் கூடாது என்றார்கள். முனீஸ்வரி ஸ்டுடியோவில் வலது பக்கத்து முடியை இடப்பக்கம் வாரிப் பின் குத்திக்கொண்டு எடுத்துவிட்டு வந்தாள். தேவிகாவிடம் அவள் மறுபடி வந்தது ஜனவரியில்தான். உட்கார்ந்து, பழைய தாளை நீட்டினாள். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு கோடுகள். சில நாள் நாற்பது. “கணக்குப் பரீட்சை அன்னைக்கு” என்றாள். தேவிகா பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. முனீஸ்வரி பாஸ். கணக்கில் ஐம்பத்தெட்டு. மார்க் ஷீட் வாங்க அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். தேவிகா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலையில் துணி இல்லை. அந்த இடத்தில் முடி கொஞ்சம் முளைத்திருந்ததா, வாரி மறைத்திருந்தாளா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. இருவரும் மைதானத்தைக் குறுக்கே கடந்து, அவள் அறைப் பக்கம் திரும்பாமல் கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. தேறிப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்த அறையை மறந்தால்தான் அவர்களுக்கு நல்லது என்று அந்த ஏழு வருடத்தில் தெரிந்துகொண்டிருந்தாள். அன்று புது அட்மிஷன் நாள். வெளியே பெஞ்சில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் கையை விடமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். தேவிகா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.