துணியோடு சேர்ந்து வரும் சொற்கள்

மலாயாவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஆசிரியர் ஒரு சொல்லைக் கொடுத்து, அதனோடு சேர்ந்து வரும் சொற்களை எழுதச் சொல்வார். ‘துணி’ என்று கொடுத்த நாளில் மற்றவர்கள் ஐந்தாறு எழுதினார்கள். எனக்குச் சிலேட்டின் இரண்டு பக்கமும் போதவில்லை. துணிமணி, புதுத்துணி, மாற்றுத்துணி, ஈரத்துணி, தூளித்துணி, கரித்துணி, கந்தல் துணி. துணி எடுப்பது, தைப்பது, துவைப்பது, உலர்த்துவது. ‘கோடித்துணி’ என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அது கல்யாணத்துக்கும் உண்டு, சாவுக்கும் உண்டு என்றார். ஒரு தடவையும் நனையாத புதுத்துணி எதுவானாலும் கோடிதான்.

ஜப்பான்காரன் வந்தபின் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகப் பேச்சிலிருந்து உதிர்ந்தன. துணி எடுக்கக் கடையில் துணி இல்லை. மாற்றிக் கட்ட இல்லாததால் துவைப்பதும் அரிதாயிற்று. சாக்குத்துணியும் ஒட்டுத்துணியும்தான் மிஞ்சின. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். சிலர் ரப்பர் ஷீட்டையே வெட்டிக் கட்டினார்கள்; வெயிலில் அது தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெண்கள் அன்னாசி நாரை உரித்து, அதை நூலாக்கிக் கிழிசலைத் தைத்தோம். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து, வெளியே உடுத்திப் போகத்தக்கதாக இருந்தது அம்மாவின் சிவப்புக் கூறைப்புடவை ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு அவள் கிழங்குக் காட்டுக்குப் போய்விட்டால் நான் சாக்குக்குள் சுருண்டு வீட்டில் கிடப்பேன். படித்த பெண் சாக்கோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பதா என்று எனக்குப் பிடிவாதம்.

அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த ஒருவர், ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எங்களைத் தேடி வந்தார். அப்பாவைக் காலராக் கொட்டகையில் போட்டதைப் பார்த்தேன் என்றார்.

“செத்தத நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“பாக்கலம்மா. அந்தக் கொட்டாயில போட்டவங்க யாரும் எந்திரிச்சு வந்ததில்ல.”

பார்க்காததை எப்படிச் சொல்லலாம் என்று அவரோடு வாதாடினேன். அம்மா அவருக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதும் அப்பா இறந்தவராகிவிட்டார்.

எங்களில் தாலியை இறக்குமுன் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணன் வெள்ளைத்துணி கொண்டுவந்து தங்கை தோளில் போட்டபிறகுதான் மற்றதெல்லாம். மாமா லிங்கியில் ஒரு தோட்டத்தில் இருந்தார். துணி எங்கும் அகப்படவில்லை, கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அதுவரை அம்மாவின் கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டும் இருந்தன. அதே சிவப்புப் புடவையில் வேலைக்குப் போய்வந்தாள். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அதை அவிழ்த்தால் கட்ட வேறு இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஊரெல்லாம் ஒரு முழம் துணிக்கு ஏங்கிக் கிடந்தபோது, எங்கள் மாமாவுக்கு மட்டும் அது கிடைத்துவிடக் கூடாது என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் மாமா வந்தார். இடுப்பில் சாக்கு, கக்கத்தில் வாழைச்சருகு சுற்றிய பொட்டலம். மலாய்க் கிழவர் ஒருவர் தன் சாவுக்கென்று பெட்டியில் வைத்திருந்த வெள்ளைத்துணியில் ஒரு பங்கை, மாமா தன்னிடமிருந்த ஒரே ஆட்டைக் கொடுத்து வாங்கியிருந்தார். பெண்கள் கூடினார்கள். அழுவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்தார்கள். கஞ்சி மொடமொடப்புப் போகாத துணியைக் கண்டு அத்தனை காலமாகியிருந்தது. எதிர்வீட்டு அக்காள் அதை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற புருஷனை முகவாயால் காட்டினாள்.

“இந்த மாதிரி துணி கெடைக்கும்னா எனக்கும் கோடி போடச் சொல்லுங்க லா. இந்த ஆளு இருந்து என்னாத்த கிழிக்கிறாரு?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாகூட லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் ஒப்பாரி தொடங்கியது.

நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கண்ணால் காணவில்லை, எழுத்தில் எதுவும் வரவில்லை, திரும்பக் கொண்டுபோய்விடுங்கள் என்று கெஞ்சினேன்.

“எனக்கு மட்டும் ஆசையா பாப்பா?” என்றார். “அண்ணன் இருந்தும் கோடி வரலன்னு நாளைக்கு ஒங்கம்மாவத்தான் பேசுவாங்க.” அவரும் அழுதுகொண்டிருந்தார். அவரை வெறுக்கக்கூட என்னால் முடியவில்லை.

“விடுடி,” என்றாள் அம்மா. “இருந்த ஒரு ஆட்டையும் குடுத்துட்டு வந்திருக்காரு.” சொல்லிவிட்டுக் குனிந்து தோளைக் காட்டினாள். நான் மாமாவின் கையை விட்டேன்.

மறுநாள் பெரட்டில் அவள் வெள்ளையில் நின்றாள். சிவப்புப் புடவை எனக்கு வந்தது. சாக்குக்குள் கிடந்த காலம் தீர்ந்தது. நானும் கிழங்குக் காட்டுக்குப் போனேன்.

சண்டை ஓய்ந்து, சயாமில் மிஞ்சியவர்கள் ரயிலில் வருகிறார்கள் என்று தோட்டத்துக்குச் செய்தி வந்தது. சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போவோம் என்று அம்மாவை அழைத்தேன்.

“நீ போ,” என்றாள். “இந்தத் துணியோட நான் போயி நிக்க, அவரு எறங்கி வந்துட்டா?”

கோடி போட்டபின் ஆள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று லயத்தில் யாரிடம் கேட்டும் பதில் இல்லை. நான் தனியாகப் போனேன். எலும்பும் தோலுமாக ஆண்கள் இறங்கினார்கள். சிலரைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முகத்தையும் அருகில் போய்ப் பார்த்தேன். அப்பாவின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டேன். தெரியவில்லை என்றார்கள். சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

நான் வீடு திரும்பியபோது அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாரும் எறங்கிட்டாங்களா?”

“எறங்கிட்டாங்கம்மா.”

அடுப்பைக் கிளறினாள்.

“அடுத்த ரயிலு எப்பன்னு கேட்டியா?” என்றாள்.