ஸ்தாமெனாவின் மூன்று விரல்கள்

எங்கள் ஊரில் செத்தவர்களைக் குளிப்பாட்டுகிறவள் ஸ்தாமெனா. துண்ஜா ஆற்றங்கரையில் முப்பது வருடமாக அவள் கைபடாமல் யாரும் குழிக்குள் போனதில்லை. தண்ணீர் ஊற்றும் முன் பிணத்தின் கழுத்தில் மூன்று விரல்களை வைப்பாள். பரமண்டல ஜெபத்தை மூன்று முறை முணுமுணுத்து முடிக்கும்வரை எடுக்கமாட்டாள். "செத்தவனுக்கும் நாடி பார்க்கணுமா அக்கா?" என்று கேலி செய்வோம். கேலி செய்ததில் நான்தான் முதல் ஆள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இயேசு ஞானஸ்நானம் பெற்ற நாளென்று ஒவ்வொரு ஜனவரி ஆறாம் தேதியும் பாதிரியார் ஆற்றில் சிலுவையை எறிவார். குதித்து எடுப்பவனை அந்த வருடம் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. இந்தத் தடவை கரையோரமெல்லாம் பனி உறைந்து கிடந்தது. எங்கள் ஊர்ப் பையன் விளாய்க்கோ குதித்தான், சிலுவையையும் பிடித்தான். நீரோட்டம் அவனைப் பனிக்கட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டது. கட்டியை உடைத்து வெளியே எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. உதடெல்லாம் நீலம், உடம்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது. மூக்கருகே கண்ணாடியை ஒரு நொடி காட்டிவிட்டு, "போயிட்டான்" என்றோம். வீட்டுக்குத் தூக்கிவந்து மேசைமேல் கிடத்தினோம். கருமாதியில் அவித்துப் பகிரும் கோதுமைகூட அடுப்பில் ஏறிவிட்டது.

அப்போதுதான் அடுப்படியிலிருந்த பூனை அவன் மார்பைத் தாண்டிக் குதித்தது. மறுகணம், சிலுவையை இறுக்கியிருந்த விரல் ஒன்று அசைந்தது.

"பூனை தாண்டிடுச்சு! ரத்தக்காட்டேரியா எழுந்திருக்கப் போறான்!" என்று அலறினார் அவன் மாமா கோலியோ. "முள்ளைக் கொண்டாங்கடா! நெதெல்கோ, காலைப் பிடி!"

நெஞ்சில் முள்மரக் குச்சியை அடித்தால் காட்டேரி எழாது. எங்களுக்கு அது பால்குடி காலத்திலிருந்தே தெரியும். நான் காலைப் பிடித்தேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

ஸ்தாமெனா தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்தாள். செம்பைக் கீழே போட்டுவிட்டு அவன் கழுத்தில் விரல் வைத்தாள்.

"உங்க மூச்சை எட்டு எண்ணுங்க. அதுக்குள்ள யாராவது அவனைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்."

எண்ணினோம். ஒன்றுமில்லை. கோலியோ முள்ளை அவன் நெஞ்சில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"நாடி அடிக்குதுய்யா! ஒண்ணு அடிச்சிட்டு நிக்குது. திரும்ப அடிக்குது. பாவிங்களா, போர்வை கொண்டாங்க!" என்று கத்தினாள் ஸ்தாமெனா.

அவன் வாயில் வாய் வைத்து ஊதினாள். பொழுது சாயும்போது விளாய்க்கோ இருமினான். பிறகு நகரத்திலிருந்து வந்த மருத்துவர் விளக்கினார்: பயம் இதயத்தை ஓடவைக்கும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் அதுவே அடியைக் குறைத்துக்கொள்ளும். உடம்பும் உறைந்துபோனால், தேடுகிறவன் விரலுக்கே அகப்படாத அளவுக்கு மெதுவாகிவிடும்.

ஒரு வாரம் கழித்து விளாய்க்கோ பூசணிப் பலகாரத்தோடு அவள் வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன், வெட்கத்தோடு.

"அத்தை, கிடந்தப்ப எல்லாம் கேட்டுச்சு. மாமா முள்ளு கேட்டது, இவரு காலைப் பிடிச்சது. கத்தத்தான் முடியல."

ஸ்தாமெனா தட்டை வாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் புருஷன் திமோவையும் இதே ஆத்துலருந்து, இதே மாதிரி பனியிலதான் தூக்கினாங்க. நான்தான் சவரம் பண்ணிவிட்டேன். கத்தி கீறி கன்னத்துல ரத்தம் வழிஞ்சுது. செத்தவனுக்கு ரத்தம் வழியாதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. துடைச்சிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக் குழிக்கு அனுப்பிட்டேன்."

விளாய்க்கோவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"மண்ணு விழற சத்தம், அதுவும் கேட்டிருக்குமாடா?"