செப்டம்பர் அறுப்பு

பண்டிகை நாளை மாற்ற விரும்பும் கிறிஸ்தவ சபை, கூட்டத்தில் தீர்மானம் எழுதி, போதகர் கையொப்பத்துடன் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். மேலிடம் முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விதி இதுதான். தாலுகா அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்ற நான், மாமனாரிடம் இதைத்தான் சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவர் விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் ஏதோவொரு சிற்றூரிலிருந்து வந்த பாதிரியார். அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைப் படித்திருக்கிறேன். அவர் ஊரில் செப்டம்பரில் கடைசிக் கோதுமை வண்டி களம் சேர்ந்ததும், கோயில் ஜன்னல்தோறும் கதிரும் ஆப்பிளும் பூசணியும் அடுக்குவார்களாம். பண்ணையாரும் கூலியாளும் ஒரே பாட்டைப் பாடுவார்களாம். அந்த ஏக்கத்தில் இங்கேயும் செப்டம்பர் கடைசி ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை என்று எழுதிவிட்டார். ஜன்னலைத் திறந்து வயலை ஒருமுறை பார்த்திருக்கலாம். எங்களுடையது கடைமடை, சம்பா ஒருபோகம்தான். செப்டம்பரில் பயிர் நாற்றங்காலில் இருக்கும். அறுப்பு தையில்.

நூறு வருஷத்துக்கு மேலாக யாரும் அதை மாற்றவில்லை. சபை மூப்பரான மாமனார், ஆண்டுதோறும் திருவாரூர்க் கடையில் அரிசி வாங்கிவந்து பீடத்தின் முன் வைப்பார். பஸ்ஸிலிருந்து மூட்டையோடு இறங்கினால் பக்கத்து வயல்காரர் விடமாட்டார்.

"என்னங்க மூப்பரே, நாத்தே இன்னும் பறிக்கல, ஒங்க சாமிக்கு மட்டும் அறுப்பு முடிஞ்சிருச்சா?"

"எங்களுக்குக் கடையிலயே வெளையுதுங்க" என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் மூட்டையைத் தொப்பென்று போடுவார்.

முழங்கால் ஓய்ந்து, நிலத்தைக் குத்தகைக்கு விட முடிவுசெய்த ஆண்டு, அவருக்கு ஒரே ஆசை: தன் கையால் அறுத்த கடைசிக் கதிர்க்கட்டை அறுப்பின் பண்டிகையன்று பீடத்தில் வைக்க வேண்டும். பண்டிகையைத் தைக்கு மாற்றச் சொல்லி, சபைத் தீர்மானத்தோடு ஆடியில் மனு எழுதிக் கொடுத்தேன். முப்பது நாள் போனது. நினைவூட்டினேன். இணைப்பில் ஒரு பிரதி குறைகிறது என்று திருப்பினார்கள். அனுப்பினேன். பிறகு சத்தமே இல்லை.

தையில் அறுத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வச்சிரட்டுமா மாப்ள?"

"அனுமதி வரட்டும் மாமா. ஆட்சேபம் வந்தா நம்ம மனுவே கெட்டுப்போயிரும்."

என் பேச்சைக் கேட்டுக்கொண்டார். கட்டு கூடத்து உத்தரத்தில் தொங்கியது. சிட்டுக்குருவிகள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாசி முடிவதற்குள் வெறும் வைக்கோல்தான் மிச்சம். அதை இறக்கிப் பசுவுக்குப் போட்டவர், என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "கேக்காமலே வச்சிருந்தா, யாரு மாப்ள கேட்டிருக்கப் போறா?"

இப்போது பண்டிகை தையில்தான் நடக்கிறது. யார் யாரோ கதிர் வைக்கிறார்கள். மாமனார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "தைக்கு மாற்றிக்கொள்ளலாம்; இதில் எங்களுக்கு எக்காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை" என்ற மேலிடத்துப் பதில், நிலம் குத்தகைக்காரர் கைக்குப் போன மறுநாள், சித்திரை இரண்டாம் தேதி வந்தது.