அக்காவின் முடிக்குக் காவல்

அக்காவுக்கு அந்த வரன் வந்ததே முக்காட்டால்தான். சாந்தோமில் பூசைக்குப் போன இடத்தில், முக்காட்டுக்கு வெளியே எண்ணெயில் படிந்து கிடந்த நெற்றி முடியை மட்டும் பார்த்துவிட்டு, அடையாற்று அம்மாள் ஒருத்தி, "இன்னா நேரான முடி! என் மகனுக்கு இப்படித்தான் தேடிக்கினு இருக்கேன்" என்று எங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டாள். முக்காட்டுக்குள் இருந்ததோ சீப்பின் பல்லை ஒடிக்கிற சுருட்டை. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன வீடு. அத்தை வாயைத் திறக்கவில்லை.

பெண் பார்க்கும் நாளன்று விடிந்ததிலிருந்தே எல்லோரும் களைத்துப்போனோம். பின்னிப் பூ வைக்கலாம் என்றாள் அம்மா. "பின்னினா ஓரத்துல சுருள் எட்டிப் பாக்கும் அண்ணி" என்று அத்தை தடுத்தாள். நடுவகிடு எடுத்து, இருபுறமும் படிய வாரி, தாழ்வாக ஒரு கொண்டை என்று முடிவாயிற்று. ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் காலியானது. பிறகு அக்காவைப் பலகையில் தலை சாய்க்க வைத்து, முடிமேல் ஈரத்துணி விரித்து, அப்பாவின் சட்டைக்குப் போடும் இஸ்திரிப் பெட்டியை அத்தை இழுத்தாள். ஆவி எழும்பியது. அக்கா கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தாள்.

கடற்காற்று பட்டால் எல்லாம் பாழ் என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். யுத்தத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள் வேறு, வீடு அடுப்பாகிவிட்டது. வியர்த்தாலும் முடி சுருளுமாம். ஆகவே என் கையில் விசிறி.

"நிறுத்தினே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை வீட்டாரின் ஜட்கா வண்டி வந்து சேர்வதற்குள் என் கை கழன்றே போயிற்று. அவர்கள் உட்கார்ந்து பலகாரத்தைத் தொட்ட நேரம் பார்த்து, அக்காவின் காதுக்கு மேலே ஒரு முடி மெல்ல எழுந்து வளைந்தது. கல்யாணம் நின்றுபோகும், அக்கா கிணற்றில் விழுவாள், போலீஸ் என்னைத் தேடும் என்பதுவரை ஒரு நொடியில் கற்பனை செய்துவிட்டேன். விரலில் எச்சிலைத் தொட்டு, ஈ ஓட்டுகிற பாவனையில் அதை அழுத்திப் பிடித்தேன். பிடித்த கையை எடுக்கப் பயந்து அப்படியே நின்றேன்.

"தம்பிக்கு அக்கா மேல எவ்ளோ பாசம் பாரு" என்று அந்த அம்மாள் உருகினாள். புறப்படும்போது அக்காவின் தலையைத் தடவி, "எப்பவும் இப்படியே படிய வெச்சுக்கோம்மா. எங்க வூட்ல சுருட்டைன்னா ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அத்தை தரையில் காலை நீட்டிப் படுத்தேவிட்டாள். அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. கழுத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

"அத்தே, இனிமே தினமுமா?" என்று கேட்டாள்.

தினமும் என்றால் விசிறி பிடிக்க என்னையும் அல்லவா அடையாற்றுக்கு அனுப்பிவிடுவார்கள்!

"நான் வரமாட்டேங்க்கா" என்று ஓவென அழுதேன்.

அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நீ வர வேணாண்டா" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் போகப் போவதில்லையே, பிறகு இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.