யாருக்குங்க, அம்மணி?

“இது யாருக்குங்க, அம்மணி?”

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. என்னிடம் கேட்ட கேள்வி இது. சாதாரணக் கேள்விதான். ஆனால் நான் சொன்ன பதில் அங்கே எடுபடவில்லை.

முதலில் கவியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போத்தனூரில் எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கும் பெண். அம்மா சரசக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். கவியா அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருக்கிறாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்றால் சும்மா இல்லை. என் மகள் இனியா எல்.கே.ஜி. படிக்கிறாள். அவளுக்கு வானவில் எப்படி வருகிறது என்று தண்ணீர் டம்ளரை வைத்து விளக்குகிற அளவுக்கு ஆசை.

போன மாதம் ஒரு நாள் மாடிக்கு வந்தாள்.

“அக்கா, இந்த வருசம் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்ல ஆள் எடுப்பாங்களான்னே தெரியாதாமுங்க.”

“ஏன் கண்ணு?”

“ரிட்டையர் ஆன புரொபசருங்களுக்குப் பதிலா யாரையும் போடலியாமா. கௌரவ விரிவுரையாளருங்களும் ஒவ்வொருத்தரா வேற வேலைக்குப் போயிட்டாங்களாமா. லேப்ல பாதி மெஷின் ஓடறதில்லையாமா. கவர்மெண்ட் பணம் வந்தா கோர்ஸ் நடக்கும், இல்லீன்னா இல்லீன்னு ஆபீஸ்ல சொல்றாங்கக்கா. நீங்க படிச்ச எடந்தானுங்களே? யாருகிட்டயாச்சும் சொல்ல முடியுமுங்களா?”

நான் படித்த இடம்தான். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த அப்பா என்னைச் சேர்க்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கட்டணத்தைப் பார்த்துவிட்டு, “இது மாசத்துக்குங்களா, வருசத்துக்குங்களா?” என்று கேட்டார். கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், “வருசத்துக்குத்தானுங்க” என்றார். அப்பா வெளியே வந்து மரத்தடியில் நின்று யோசித்தார். “அம்மணி, எதுக்கும் இன்னொருக்காக் கேட்டுப்போட்டு வா. தப்பாச் சொல்லியிருப்பாங்க.”

தப்பாகச் சொல்லவில்லை. மீதியை அரசு கொடுத்தது. அதாவது, ஊரில் சோப்பு வாங்கியவர், சைக்கிள் வாங்கியவர் எல்லோரும் சேர்ந்து வரியாகக் கொடுத்தார்கள். அன்று நான் அதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யார் யோசிக்கிறார்கள்?

கவியா கேட்டதைக் கணவரிடம் சொன்னேன். “பத்திரிகைல பத்தி எழுதி ஊருக்கெல்லாம் கேள்வி கேக்கறே. நேர்ல ஒருத்தருகிட்டக் கேக்கறதுக்கு என்ன?” என்றார். கிண்டல்தான். ஆனால் மனதில் தைத்துவிட்டது.

எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதினேன். நீளமாகி விட்டது என்று சுருக்கினேன். சுருக்கியது திமிராகத் தெரிகிறதோ என்று மறுபடி நீட்டினேன். காலியிடங்களை நிரப்ப வேண்டும், மானியத்தைக் குறைக்கக் கூடாது, வருவதை நேரத்தில் கொடுக்க வேண்டும், உயர்கல்வி மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது நீங்கள் எழுந்து பேச வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அதைக் கொடுக்கப் போன அன்று பார்த்து இனியாவின் பள்ளி விடுமுறை. அவளைக் கூட்டிக்கொண்டு போனது சரியா தவறா என்று பஸ்ஸில் போகும்போதும் யோசித்தேன், வரும்போதும் யோசித்தேன்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுக்கிறார்கள். பக்கத்தில் இருந்த அம்மா சிநேகமாகக் கேட்டார்.

“எங்க சந்துல போர் பம்பு ரிப்பேருங்க. உங்களுது என்னங்க?”

“பல்கலைக்கழகமுங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அங்க வேலைல இருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“ஊட்டுக்காரருங்களா?”

“அவரும் இல்லீங்க.”

அவர் பார்வை என் மடியில் இருந்த இனியா மீது விழுந்தது. முகம் தெளிந்தது. “ஓ... இப்பவே சொல்லி வெக்க வந்திருக்கீங்களாட்ட இருக்குது.”

உள்ளே கூப்பிட்டார்கள். எம்.எல்.ஏ. இனியாவுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். என்னை உட்காரச் சொன்னார். என் மனுவை முழுதாகப் படித்தார் — இதை நான் எதிர்பார்க்கவில்லை. படித்துவிட்டுத்தான் கேட்டார்.

“இது யாருக்குங்க, அம்மணி?”

“எல்லாருக்குமுங்க.”

பக்கத்தில் நின்ற உதவியாளர் பதறிப்போனார். “எல்லாருக்கும்னா எப்படிங்க எழுதறது? மனுன்னா ஒரு பேர் வேணுமுங்க. அதுவுமில்லாம யுனிவர்சிட்டி நம்ம தொகுதிலயே இல்லீங்க. பக்கத்துத் தொகுதிங்க.”

“படிக்கற பிள்ளைங்க இந்தத் தொகுதிலயும் இருக்காங்களேங்க” என்றேன்.

எம்.எல்.ஏ. சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “தப்பா நெனச்சுக்காதீங்க, அம்மணி. ஓட்டுக் கேட்டுப் போனா ரோடு கேக்கறாங்க, தண்ணி கேக்கறாங்க, சாக்கடை கேக்கறாங்க. பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்கச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லீங்க. நான் சபைல எந்திரிச்சுப் பேசறேன்னே வெச்சுக்கங்க... எந்த ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு சொல்றது?”

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அதே மாதிரி, கொடுக்க முன்வருகிறவரைச் சங்கடப்படுத்தவும் மாட்டார்கள். அவர் நான் ஒரு பெயர் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மரியாதைக்காகச் சொல்லிவிட்டேன்.

“கீழ் வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்காளுங்க. பேரு கவியா...”

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். உடனே போனை எடுத்தார். தெரிந்த தனியார் கல்லூரி. எம்.எஸ்ஸி. இயற்பியல் அங்கே இல்லை, எம்.பி.ஏ. இருக்கிறது. கட்டணத்தில் சலுகை செய்து தருவார்களாம். “படிப்பு படிப்புதானுங்களே. அடுத்த வாரத்துக்குள்ள போய்ச் சேர்ந்துக்கச் சொல்லுங்க. போச்சாது, பாத்துக்கலாம்.” இத்தனையும் என் டீ ஆறுவதற்குள்.

உதவியாளர் மனுவின் மேல் ஓரத்தில் பேனாவால் எழுதினார்: கவியா — காலேஜ் சீட்.

நான் என்ன செய்தேன்? கை கூப்பி, “ரொம்ப நன்றிங்க” என்றேன்.

வெளியே வந்ததும் இனியா கேட்டாள். “அந்த மாமா எனக்கு பிஸ்கட் குடுத்தாங்க. உனக்கு என்னம்மா குடுத்தாங்க?”

சரசக்காவுக்கு ஒரே சந்தோஷம். “நீ போனதுனாலதான் கண்ணு காரியம் முடிஞ்சுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கவியா மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

“அங்க பிசிக்ஸ் இருக்குதுங்களாக்கா?”

“இல்ல கண்ணு. எம்.பி.ஏ.”

“ம். எங்கூடப் படிச்ச புள்ளைங்க என்னாச்சுன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் என்னங்க சொல்றது?” என்றாள். குறை சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பல்கலைக்கழகத்துக்காகப் பேசப் போனவள் ஒரு சீட்டோடு திரும்பி வந்தேன். எம்.எல்.ஏ.வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த முறையில் உதவி செய்தார். அந்த முறையை அவருக்குப் பழக்கியது யார்? நாம்தானே? சீட் கேட்டுப் போவோம், டிரான்ஸ்பர் கேட்டுப் போவோம். நம் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டால் அடுத்த வருடம் அந்தத் துறை இருக்கிறதா, மூடிவிட்டார்களா என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்று... ரோடு கேட்டுப் போனால் “யாருக்குங்க?” என்று ஒருவரும் கேட்பதில்லை. குளங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் எத்தனை காலம் கேட்டன? மனுவில் யார் பெயரை எழுதினார்கள்? தண்ணீர் எல்லோருக்கும் என்பது சொல்லாமலே புரிந்தது. படிப்பு மட்டும் எப்போது அவரவர் வீட்டுச் சமாச்சாரமானது?

எம்.எல்.ஏ.வின் சிபாரிசால் ஒரு கவியாவுக்கு இடம் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகம் ஒழுங்காக நடந்தால் சிபாரிசே தெரியாத கவியாக்களுக்கும் கிடைக்கும். என் அப்பா எந்த எம்.எல்.ஏ. வீட்டுப் படியும் ஏறவில்லை. மார்க் ஷீட்டைக் காட்டினார், கட்டணத்தை நம்பாமல் இன்னொரு தடவை கேட்கச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆகவே, இதைப் படிக்கிற சட்டமன்ற உறுப்பினர்களுக்கு — எந்தக் கட்சியாக இருந்தாலும், பல்கலைக்கழகம் உங்கள் தொகுதி எல்லைக்குள் வந்தாலும் வராவிட்டாலும் — ஒரு வேண்டுகோள். மானியக் கோரிக்கை நாளில் எழுந்து பேசுங்கள். இருக்கிற பணத்தைக் குறைக்க விடாதீர்கள். காலி நாற்காலிகளில் ஆசிரியர்களை உட்கார வையுங்கள். சீட் வாங்கித் தருவதைவிட இது கடினம்தான். நன்றி சொல்லக் கை கூப்பிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள். ஏனென்றால், பலன் பெறுகிறவர்களுக்கு உங்களால்தான் கிடைத்தது என்றே தெரியாது.

இனி வாசகர்களிடம். கல்லூரியில் சேரச் சொன்ன கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து இதுவரை அறிவிப்பு இல்லை. சரசக்கா, “நீ சொல்றதுதான் கண்ணு” என்று முடிவை என் தலையில் வைத்துவிட்டார். கையில் இருக்கிற எம்.பி.ஏ.வை எடுத்துக்கொள்ளச் சொல்வதா? வருமோ வராதோ என்று தெரியாத இயற்பியலுக்குக் காத்திருக்கச் சொல்வதா? காத்திருந்து ஒரு வருடம் வீணானால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்? சேர்ந்துவிட்டால், டம்ளரில் வானவில் காட்டியவளின் முகத்தில் மட்டும் எப்படி விழிப்பேன்?

உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள்.

எழுதும்போது மறக்காமல் உங்கள் ஊர்ப் பெயரையும் போடுங்கள். எம்.எல்.ஏ.வை நான் இன்னொரு தடவை பார்க்கப் போகிறேன். எந்த ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு அவருக்குச் சொல்ல வேண்டும்.