மெயின் சுவிட்சை அணைத்தவள்

“என் மருமகளைத் துரத்திட்டாங்களா? யாரு சொன்னா? உன் காதுல வந்து சொன்னாங்களா, இல்ல நீயே கட்டிவிட்டதா?”

இஸ்திரிக் கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“ஊரே பேசுது பெரியம்மா. ஆம்பளைங்க கடைக்குள்ள போறதாம், லைட்டை அணைக்கிறதாம், இருட்டுல உக்காந்திருக்கிறதாம். இதெல்லாம் ஒரு பொழப்பா? அதான் முதலாளி வெளிய அனுப்பிட்டாரு.”

லைட்டை அணைத்தது நிஜம். இருட்டில் உட்கார்ந்ததும் நிஜம். அதை நான் எந்தச் சபையிலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அவளை யாரும் துரத்தவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

என் மகன் லாரி ஓட்டுகிறவன். முதுகு பிடித்துக்கொண்டு அவன் படுத்த பிறகுதான் மருமகள் வேலைக்குப் போனாள். கடைத்தெருவில் ஒரு பேட்டரிக் கடை. கரண்ட் போனாலும் சின்னச் சின்னக் கடைகளில் விளக்கும் மெஷினும் ஓடுகிற மாதிரி இன்வெர்ட்டரும் பேட்டரியும் மாட்டிக் கொடுப்பார்கள். அவளுக்கு முதலில் கொடுத்த வேலை, ஃபோனை எடுத்துத் திட்டு வாங்குவது. ‘வாங்குன பேட்டரி கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள செத்துப்போச்சு’ என்று தினமும் ஒருவர் கத்துவார்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் ஒருநாள் ஜூஸ் கடைக்கு நேரிலேயே போய்ப் பார்த்தாள். பேட்டரி லைனில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, மின்விசிறி, வாசலில் மினுக்குகிற கலர் விளக்கு, மீன் தொட்டி எல்லாம் தொங்குகின்றன.

“மீன் தொட்டியுமா அண்ணே?”

“மீனு என்னம்மா பாவம் பண்ணிச்சு?”

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: “அத்தை, என்ன வேணும்னு வெளிச்சத்துல கேட்டா எல்லாமே வேணும்கிறாங்க. இருட்டுல வச்சுக் கேக்கணும்.”

அதிலிருந்து அவள் முறையே வேறாகிவிட்டது. பேட்டரி கேட்கிற கடைக்கு வியாபாரம் நடக்கிற நேரத்தில் போவாள். வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு மெயினை அணைப்பாள். அந்தத் தெருக் கடைகள் குகை மாதிரி நீளம். வாசலில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே கும்மிருட்டு. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கடைக்காரர் எதற்கு முதலில் பதறுகிறார் என்று பார்ப்பாள். எதற்குப் பதறுகிறாரோ அதற்குத்தான் பேட்டரி. சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வேடிக்கை பார்க்க எனக்கும் பிடிக்கும்.

தையல் கடையில்தான் வினை வந்தது. தையல்காரருக்கு ஆள் உயரத்துக்குப் பேட்டரி அடுக்குவதாக முதலாளி ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

“மெஷின்தாம்மா என் உசிரு. அயர்ன் பாக்ஸையும் சேத்துக்கோ,” என்றார் தையல்காரர்.

மருமகள் மெயினை அணைத்தாள். உயிரான மெஷின் நின்றது. மனிதர் நிம்மதியாக ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவி முடிவதற்குள், துணி போட்டுப் பார்க்கிற அறையிலிருந்து வீல் என்று ஓர் அலறல்.

“ஐயோ! எவன்டா லைட்டை அணைச்சவன்?”

தையல்காரர் துள்ளி எழுந்தார். டார்ச் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி, அறைக்கு வெளியே நின்று, “பயப்படாதீங்கம்மா, நான்தான்!” என்றார். அலறல் இன்னும் உச்சத்துக்குப் போனது.

“அத்தை, அந்த ரூம் பல்புதான் முதல்ல,” என்று மருமகள் என் காதோடு சொன்னாள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அலறியது வேறு யாருமில்லை. இந்த இஸ்திரிக் கடைக்காரிதான். ஒரு கையைச் சட்டைக்குள்ளும் ஒரு கையை வெளியிலுமாக வைத்துக்கொண்டு வந்தவள், எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள். தெருமுனை போய்ச் சேர்வதற்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது.

பல்பு, ஒரு மெஷின், ஒரு மின்விசிறி. சின்ன பேட்டரியே தாராளம் என்று மருமகள் சொல்லிவிட்டாள். தையல்காரருக்கு முகமெல்லாம் பல். முதலாளிக்கு முகம் கறுத்துப்போனது.

மறுநாள் நான் சாப்பாட்டோடு போனபோது அவர் அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்.

“ஊரு கண்டபடி பேசுது. இனிமே நீ எந்தக் கடைக்கும் போக வேணாம். ஃபோன்கிட்ட உக்காரு. டெய்லருக்குப் பெரிய செட்டுதான் சரிப்படும்னு இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லு.”

“அவருக்கு அவ்வளவு தேவையில்ல சார்.”

“விக்கிறது என் பாடு. சொல்லச் சொன்னதைச் சொல்லு.”

“போய்ப் பாத்துட்டு வந்தது நான் சார். இல்லாததை எந்த வாயால சொல்றது?”

“அப்ப வேலை வேணாமா?”

எங்கள் அடுப்பு எரிந்ததே அவள் சம்பளத்தில்தான். வீட்டில் ஒருவன் முதுகைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“என்னை ஏன்டி பாக்குற? வாய் உனக்கு இருக்குல்ல?” என்றேன்.

அவள் இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நான் வர்றேன் சார்.”

“அந்தக் கரண்ட் டெஸ்டரும் கடையோடது.”

அதையும் வைத்தாள். வாசலுக்கு வந்தால், எதிர்ச் சாரியில் சலூன்காரர் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிறார். தெருவே கேட்கிற மாதிரி அவருக்குக் குரல்.

“ஏம்மா, டெய்லர் கடையில மட்டும்தான் லைட்டை அணைப்பியா? என் கடைக்கு எப்ப வர்றே?”

“நான் இப்ப எந்தக் கடை ஆளும் இல்லண்ணே. வேலையை விட்டுட்டேன்.”

“நான் கடையையா கூப்பிட்டேன்? உன்னைத்தானே கூப்பிட்டேன்!”

மருமகள் வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு கேட்டாள்: “சேர்ல யாராச்சும் பாதி ஷேவிங்ல இருக்காங்களா?”

“இருக்காரு ஒருத்தரு. ஏன்?”

“அப்ப இதுதான் சரியான நேரம்,” என்று படியிறங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போடி என்று நான் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை.