தூங்காத தையல்காரியின் அண்ணன்

வார்டுக்குள் வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவைப்பார், யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதாம். கூட வந்த தங்கை நின்றுகொண்டிருப்பாள். மனநல மருத்துவமனைக்கு வந்தவர் மாதிரியே இருக்காது. மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த தோரணை. நர்ஸுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் ‘மாப்பிள்ளை’தான்.

மாப்பிள்ளைக்குச் சொந்தமாகத் தையற்கடை உண்டு. ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. தைப்பதெல்லாம் தங்கை, கல்லாவில் உட்காருவது அண்ணன். பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்தால் பாசம் பொங்கிவிடும். “என் தங்கச்சி இல்லாம வீடு வீடாவே இல்ல டாக்டர்” என்று மூக்கை உறிஞ்சி, வார்டில் நோயாளியாக இருப்பவளை அழைத்துப் போவார். வேலை முடிந்ததும் கொண்டுவந்து தள்ளிவிடுவார். என் அத்தை இதே வார்டில் இருப்பதால் இந்த நாடகத்தை முழுசாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

இந்த முறை வந்தபோது அவள் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. பேச்சு நிற்கவேயில்லை. கடைசியாகத் தைத்த சட்டைகளுக்கு இரண்டு கைகளையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாளாம். அண்ணனுக்கு அதில்தான் கோபம்.

“மாத்திரை குடுத்தீங்களா?” என்று அதட்டினார் மூத்த நர்ஸ்.

“அதப் போட்டா மெஷின் மேலயே தூங்கி விழுறா சிஸ்டர். நிறுத்திப் பாத்தேன். என்ன சுறுசுறுப்புங்கறீங்க! ராப்பகலா தச்சுத் தள்ளினா. திடீர்னு இப்படி ஆயிடுச்சு. எல்லாம் அவ தலையெழுத்து.”

நோயையே வேலைக்கு வைத்துக்கொண்ட மனிதர் தலையெழுத்தைப் பற்றிப் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாத்திரை உள்ளே போகப் போக அவள் தேறினாள். தூங்கினாள், சாப்பிட்டாள், என் அத்தைக்குத் தலை பின்னிவிட்டாள். “மாத்திரை போட்டா மெதுவாத்தான் தைக்க வருதுக்கா. ஆனா சட்டை சட்டையாவே வருது” என்றாள் என்னிடம். அண்ணனிடம் இதைச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

மறுபடி ஆர்டர் வந்தது. மாப்பிள்ளையும் வந்தார், புதுச் சட்டையில், சென்ட் மணக்க.

நர்ஸ் மாத்திரைப் பொட்டலத்தை அவரிடம் கொடுக்கவில்லை. தங்கையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “இது உன்கிட்டயேதான் இருக்கணும். விட்டா மறுபடி இங்கதான் வரணும், தெரிஞ்சுதா?” அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் நான் எதுக்கு இருக்கேன்?” என்று சிரித்தபடி மாப்பிள்ளை அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.